பனியன் துணி, கைலிக் கட்டம், சணல் செருப்பு: ரிவியராவின் கோடை உடை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பிரான்சின் தென்கடற்கரையான ரிவியராவில் ஒரு வாரம் கழிக்கப் போகிறவர்கள், விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் அறைக்கும் கொடுத்தது போக மிஞ்சிய சிறு தொகையை வைத்துக்கொண்டு, அந்த ஊருக்கு ஏற்றபடி உடுத்த இது போதுமா என்று கவலைப்படுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நீஸ், கான், ஆன்டீப், சான் த்ரோப்பே ஆகிய பெயர்களைக் கேட்டதுமே பணக்காரர்களின் படகுகள் நினைவுக்கு வருவதால் அந்தக் கவலை இயல்பானது. ஆனால் அந்தக் கரையின் அழகுடைகள் என்று உலகம் ஏற்றுக்கொண்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இது முதலில் யார் உடம்பில் இருந்தது என்று விசாரித்தால், மாலுமியின் பனியன், மீனவரின் தொப்பி, மலையடிவார உழவரின் சணல் செருப்பு, சமையலறைத் திரைச்சீலையின் கட்டம் என்று உழைப்பாளிகளின் மலிவான பொருள்களே வரிசையாக வருகின்றன. செல்வர்கள் அவற்றை இரவல் வாங்கிய விதத்தையும், அந்த இரவலில் குறைந்த செலவுக்காரர் மீட்டுக்கொள்ளக்கூடியது எது என்பதையும் இந்த ஆய்வு பார்க்கிறது.

வடகரையில் ஒரு முன்கதை

கதை தெற்கில் தொடங்கவில்லை. பாரிஸ் செல்வர்கள் கோடைக்குச் சென்ற தோவீல் என்ற ஊர் வடக்கே நார்மண்டிக் கரையில், குளிர்காற்று வீசும் இடத்தில் இருக்கிறது. அங்கே 1913-இல் உடை வடிவமைப்பாளர் கோகோ ஷனெல் ஒரு கடை திறந்தார். ஒபாசீன் என்ற ஊரில் கன்னியர் நடத்திய அநாதை இல்லத்தில் வளர்ந்து, தையல் கற்று, தொப்பி செய்து விற்று மேலே வந்தவர் அவர். அக்காலத்துக் கடற்கரைச் சீமாட்டிகள் இடுப்பை ஒடுக்கும் கார்செட் என்ற உள்ளுடையை இறுக்கிக் கட்டி, நிலத்தில் புரளும் பாவாடையும் இறகு வைத்த பெரிய தொப்பியுமாக மணலில் நடந்துகொண்டிருந்தார்கள். ஷனெல் அவர்களுக்கு ஜெர்சித் துணியில் தளர்வான மேலுடைகளைத் தைத்துக் கொடுத்தார். ஜெர்சி என்பது ஆண்களின் உள்ளாடைக்குப் பயன்பட்ட பின்னல் துணி. நாம் பனியன் துணி என்று சொல்வது இதைத்தான்.

ஒரு குளிர்நாளில் பழைய ஜெர்சி ஒன்றைத் தலைவழியாக மாட்டிக்கொள்ள விரும்பாமல் அதன் முன்புறத்தை வெட்டி, விளிம்புக்கு நாடா தைத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனதாகவும், பார்த்தவர்கள் அதேபோல் வேண்டும் என்று கேட்டதாகவும் பின்னாளில் அவரே சொன்னதுண்டு. தன் வாழ்க்கையைப் பற்றிப் பல கதைகளைப் புனைந்துகொண்டவர் என்பதால் இதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆயினும் அடிப்படை உண்மை மாறவில்லை. ரொதியே என்ற ஆலையிடம் யாரும் விரும்பாத ஜெர்சித் துணி இருந்தது. 1914-இல் தொடங்கிய போரினால் நல்ல துணிக்குத் தட்டுப்பாடு வந்தது. அவர் அந்த ஜெர்சியை வாங்கி உயர்தர உடையாக்கினார். நெய்த துணியில் பாவும் ஊடையும் நேர்கோட்டில் கிடப்பதால் உடம்புக்கு ஏற்ப வடிவம் தர மடிப்பும் வெட்டும் தேவைப்படுகின்றன. பின்னல் துணி கண்ணி கண்ணியாக இருப்பதால் இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கி, உடம்போடு தானே பொருந்திக்கொள்கிறது. பெட்டியில் சுருட்டி வைத்தாலும் கசங்குவதில்லை. பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணி வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

துணி மலிவாக இருந்தபோது வெட்டும் தையலும் மலிவாக இருக்கவில்லை என்பதே இந்த முன்கதையில் கவனிக்க வேண்டியது. ஷனெல் தோள் பொருந்துவதற்காகக் கைப்பகுதியைப் பிரித்துப் பிரித்துத் தைப்பதில் பிடிவாதக்காரர். பனியன் துணியை அழகாக்கியது அந்த அளவுப் பொருத்தம்தான்.

ஆன்டீப், 1923

இப்போது தெற்கே வருவோம். ரிவியரா அன்று குளிர்கால ஊர். ஆங்கிலேயப் பிரபுக்களும் ரஷ்யச் சீமான்களும் குளிரைத் தவிர்க்க நவம்பரில் வந்து, வெயில் ஏறும் முன்பே கிளம்பிவிடுவார்கள். பின்பு ஓட்டல்கள் மூடப்படும். விக்டோரியா மகாராணி 1890-களில் நீஸில் தங்கியதும் குளிரின் இறுதியிலும் வசந்தத்திலும்தான். 2021-இல் யுனெஸ்கோ நீஸ் நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் குளிர்கால ஓய்வூர் என்ற அடையாளத்தோடுதான். கோடையில் அந்தக் கரை மீனவர்களுடையதாக இருந்தது.

அதை மாற்றியவர்களில் முதன்மையானவர்கள் ஜெரால்ட் மர்ஃபி, சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதியர். 1922 கோடையில் இசையமைப்பாளர் கோல் போர்ட்டர் ஆன்டீப் முனையில் ஒரு மாளிகையை வாடகைக்கு எடுத்து அவர்களை அழைத்தார். இடம் பிடித்துப்போகவே, அடுத்த ஆண்டு அங்குள்ள ஓட்டல் து காப்பின் உரிமையாளரிடம் பேசி, சில பணியாளர்களுடன் கோடையிலும் அதைத் திறந்து வைக்கச் செய்தார்கள். லா கரூப் என்ற சிறிய கரையில் அடர்ந்து கிடந்த கடற்பாசியை ஜெரால்ட் தன் கையால் வாரி ஒதுக்கினார். 1923-இல் பிக்காசோவும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்.

ஜெரால்ட் அங்கே அணிந்தவை கோடு போட்ட மாலுமிப் பனியன், மீனவர் அணியும் பின்னல் தொப்பி, கெட்டியான வெள்ளைப் பருத்திக் கால்சட்டை, சணல் அடி வைத்த எஸ்பாத்ரீய் செருப்பு ஆகியவையே. மார்செய் துறைமுகத்தில் கப்பல் தொழிலாளிகளுக்குச் சாமான் விற்கும் கடையிலிருந்து அந்தப் பனியன்களை அவர் வாங்கி வந்து நண்பர்களுக்கும் கொடுத்ததாகச் சொல்வார்கள். சாரா குளியலுடையில் இருக்கும்போதும் தன் நீண்ட முத்துமாலையைக் கழற்றாமல் முதுகுப்பக்கமாகத் தொங்கவிட்டுக்கொண்டார். வெயில் முத்துக்கு நல்லது என்பது அவர் சொன்ன காரணம். இந்தக் காட்சி அன்றைய ஓவியர்களையும் எழுத்தாளர்களையும் ஈர்த்தது. ரிவியராவின் கோடை உடை என்று இன்று நாம் மனத்தில் காண்பது பெரும்பாலும் இந்தச் சில ஆண்டுகளில் உருவான படமே.

அந்தப் பனியனுக்கு ஓர் அரசாணையே உண்டு. 1858 மார்ச் 27-ஆம் நாள் பிரெஞ்சுக் கடற்படை அதைக் கீழ்நிலை மாலுமிகளின் உடையாக அறிவித்தது. உடற்பகுதியில் 20 மில்லிமீட்டர் அகலமுள்ள 21 வெள்ளைக் கோடுகள், அவற்றுக்கிடையே 10 மில்லிமீட்டர் அகலமுள்ள 20 அல்லது 21 அவுரி நீலக் கோடுகள் என்று அளவும் வகுத்தது. வெள்ளை இரு பங்கு, நீலம் ஒரு பங்கு என்ற இந்த விகிதம்தான் கண்ணுக்கு அமைதியாகப் படுகிறது என்பது என் கருத்து. இரண்டும் சம அகலமாக இருந்தால் கண் உறுத்தும். நீலம் மிகுந்தால் கனமாகத் தெரியும். கடையில் கோட்டுப் பனியன் தேர்ந்தெடுக்கும்போது நான் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் இந்த விகிதத்தைப் பார்க்கிறேன். அடுத்ததாக உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். நூலிலேயே சாயமேற்றிப் பின்னியிருந்தால் கோடு இருபுறமும் ஒரே அழுத்தத்தில் தெரியும். மேலே அச்சடித்ததாக இருந்தால் உட்புறம் வெளிறியிருக்கும். சில சலவையில் வெளிப்புறமும் அப்படியாகும்.

இந்தப் படத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஜெரால்ட் மார்க் கிராஸ் என்ற தோல்பொருள் நிறுவனத்தின் குடும்பத்தவர். சாரா மை உற்பத்தியில் செல்வம் சேர்த்த குடும்பத்தின் மகள். போருக்கு முன் ஒரு டாலருக்கு ஐந்து ஃபிராங்குக்குச் சற்று மேல் கிடைத்தது; 1926 ஜூலையில் ஏறக்குறைய ஐம்பது கிடைத்தது. அமெரிக்கர் ஒருவர் பிரான்சில் அரசரைப்போல வாழ முடிந்த காலம் அது. மீனவரின் பனியனை அணிந்தவர் மீனவர் அல்லர் என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் அது அழகாகப் பேசப்பட்டது. அதே கரையில் அதே பனியனோடு வலை இழுத்தவரை யாரும் நாகரிகமானவர் என்று எழுதி வைக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு, எளிமையே அழகு என்று பொதுப்படச் சொல்வது நேர்மையாகாது. வசதி இல்லாதவர் மலிவான உடையை அணியும்போது, அந்த உடை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை உடையே சொல்ல வேண்டியிருக்கிறது. அதை அது சொல்வது பொருத்தத்தாலும் சுத்தத்தாலும். கூடவே, கண் நின்று பார்க்கும்படியான ஒரே ஒரு நல்ல பொருளாலும்.

அந்த ஒரு பொருள் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சாராவின் முத்து அசல். ஆனால் அதே 1920-களில் போலி முத்தை வெட்கமின்றி அணியலாம் என்று பாரிசுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஷனெல்; அசலையும் போலியையும் அவரே கலந்து அணிந்தார்.

ஒரு கட்டம் திருமண உடையானது

சான் த்ரோப்பே அடுத்த தலைமுறையின் ஊர். 1956-இல் வெளிவந்த ஒரு படத்துக்காக அங்கு வந்த நடிகை பிரிஜித் பார்தோ அந்த மீனவ ஊரின் முகமாகவே மாறிப்போனார். 1959-இல் அவர் நடிகர் ஜாக் ஷாரியேயை மணந்தபோது, வடிவமைப்பாளர் ஜாக் எஸ்தெரெல் தைத்துக் கொடுத்த இளஞ்சிவப்பு–வெள்ளைக் கட்ட உடையை அணிந்திருந்தார். பிரான்சில் விஷி என்று பெயர்பெற்ற இந்தச் சிறு கட்டத் துணி மேசை விரிப்புக்கும் திரைச்சீலைக்கும் சிறுமியர் சட்டைக்கும் பயன்பட்டது. திருமணத்துக்குப் பட்டு வேண்டாம் என்று அவர் காட்டிய பிறகு நாடெங்கும் அந்தக் கட்டத் துணிக்குக் கிராக்கி வந்தது. உடையின் இடுப்பளவும், விளிம்பில் வைத்த வெள்ளைப் பூத்தையல் பின்னலும் மட்டுமே துணியின் விலையை மறக்கச் செய்தன.

இதே வழியில் நம் பக்கத்துத் துணி ஒன்றும் கடற்கரை உடையானது. சென்னையைச் சுற்றிய ஊர்களில் நெய்யப்பட்ட கட்டத் துணி பல நூற்றாண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் பெண்கள் தலையில் கட்டும் துணிக்கு இன்றும் மத்ராஸ் என்றே பெயர். அமெரிக்காவில் 1930-களிலேயே வசதியானவர்களின் விடுமுறைச் சட்டையாகியிருந்த இந்தக் கட்டம், 1958-இல் நிகழ்ந்ததாக வணிக வட்டாரத்தில் சொல்லப்படும் ஒரு விபத்தால் பெரும் புகழ் பெற்றது. வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர், பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் கஜம் ஒரு டாலர் விலையில் 10,000 கஜம் வாங்கினார். சாயம் ஓடும், குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டும் என்ற எச்சரிக்கை, துணி நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் உடையாக விற்கப்பட்டபோது வாங்குபவர்களைச் சென்றடையவில்லை. சட்டைகளின் நிறங்கள் சலவையில் ஒன்றோடொன்று கலந்து மங்கின. வழக்குப் போடவேண்டிய அந்தக் குறையையே பெருமையாக்கி, நிச்சயமாகச் சாயம் ஓடும் என்று விளம்பரம் செய்தார்கள். 1960-களின் கல்லூரி இளைஞர்கள் நிறம் மங்கிய கட்டச் சட்டையைத்தான் தேடி அணிந்தார்கள், ஏனெனில் அது பல கோடைகளைக் கடலோரத்தில் கழித்தவர் என்ற தோற்றத்தைத் தந்தது.

குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் கைலி நெய்கிறவர்களின் கட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது. நியூயார்க் கடையில் விடுமுறைச் சட்டை என்று மடித்து வைத்திருப்பதற்கும் இதற்கும் உறவு மிக நெருங்கியது. நல்ல நூலில் நெய்த கைலியை வாங்கி, அளவெடுத்துத் தளர்வான அரைக்கைச் சட்டையாகவோ கணுக்கால்வரை வரும் பாவாடையாகவோ தைத்தால், ரிவியராவின் எந்த உணவகத்திலும் அது தலைநிமிர்ந்து நிற்கும். தையற்காரரிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முன்பக்கப் பட்டியிலும் பையிலும் பக்கத் தையலிலும் கட்டம் கட்டத்தோடு சேர வேண்டும். இதற்குக் கால் மீட்டர் துணி கூடுதலாகச் செலவாகும். மலிவான சட்டையையும் நல்ல சட்டையையும் பத்தடி தூரத்திலிருந்தே பிரித்துக் காட்டுவது இந்தக் கால் மீட்டர்தான்.

காலில் போடுவது

விலை குறைந்த உடையைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் செருப்பு என்பதால் இதில் சற்று நிற்கிறேன். எஸ்பாத்ரீய், பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரெனே மலைப்பகுதி உழவர்களின் காலணி. அதன் பெயர் எஸ்பார்ட்டோ என்ற புல்லிலிருந்து வந்தது. பின்னாளில் புல்லுக்குப் பதிலாகச் சணல் வந்தது. அந்தச் சணல் வங்கத்திலிருந்து கப்பலேறியது. பிரான்சில் மோலெயோன் இதன் முக்கிய ஊர். சாதாரண எஸ்பாத்ரீய் இன்றும் விலை குறைந்த காலணிதான். ஆனால் அதைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. சணல் ஊறிப் பருத்து, பின் மக்கிவிடும்.

இது முக்கியம், ஏனெனில் நீஸின் கரை மணல் அன்று, கூழாங்கல். வெறுங்காலில் நடப்பது கடினம். அதற்கும் ஏழை நாள்களில் பிறந்த விடை ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தோல் தட்டுப்பாட்டில் 1946-இல் ஜான் தோஃபான் என்பவர் நடு பிரான்சில் வார்த்தெடுத்த பிளாஸ்டிக் செருப்பு, ஜெல்லிமீன் என்று பொருள்படும் மெத்யூஸ் என்ற பெயரில் பிரெஞ்சுக் கடற்கரைகளின் அடையாளமாகியிருக்கிறது. நம்மூர் மழைக்காலப் பிளாஸ்டிக் செருப்புக்கு அது நெருங்கிய உறவு. நீருக்கு அது, மாலைக்கு எஸ்பாத்ரீய், நடைக்கு இரண்டு மூன்று வார் வைத்த எளிய தோல் செருப்பு என்று மூன்று இருந்தால் போதும். சான் த்ரோப்பேயில் 1927 முதல் ரோந்தினி குடும்பம் தோல் செருப்பு செய்து விற்கிறது. அதை வாங்க இயலாதவர் அந்த வடிவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கேயே தோல் வேலை தெரிந்தவரிடம் செய்துகொள்ளலாம்.

இன்றைய பயணிக்கு

இனி, ஜூன் மாதத்தில் ஏழு நாள் நீஸில் தங்கும் ஒருவரின் பெட்டியை எடுத்துக்கொள்வோம். என் கணக்கில், உடைக்கு ஒதுக்கிய பத்து ரூபாயில் மூன்று ரூபாய் காலணிக்கும், மூன்று தையலுக்கும், மூன்று துணிக்கும், மீதி ஒன்று காதணி, மாலை, கழுத்துத் துணி போன்ற ஒரே ஒரு கவனம் ஈர்க்கும் பொருளுக்கும் போக வேண்டும். தையலுக்கு இவ்வளவா என்று தோன்றலாம். ஐரோப்பாவில் அளவெடுத்துத் தைப்பது செல்வர்களுக்கு மட்டுமே கைகூடுவது. நமக்குத் தெருமுனையில் கிடைக்கிறது. கடையில் எடுத்த ஆயத்த ஆடையைக்கூடத் தோளிலும் கைக்குழியிலும் கீழ் மடிப்பிலும் திருத்திக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு.

நீலம், வெள்ளை, மணல் நிறம் என்று மூன்றுக்குள் நின்றால் நான்கு மேலுடையும் மூன்று கீழுடையும் பன்னிரண்டு விதமாகச் சேரும். கோட்டுப் பனியனைத் திருப்பூர் காதர்பேட்டையின் ஏற்றுமதி மிச்சக் கடைகளில் தேடலாம்; ஐரோப்பியக் கடைகளுக்குப் பின்னலாடை அனுப்பும் ஊர் என்பதால் அதே தரம் அங்கு குவியலில் கிடக்கும், தையல் பிரிந்திருக்கிறதா என்று பொறுமையாகப் பார்த்து எடுக்க வேண்டும். வெள்ளைச் சட்டை ஒன்று, கைலிக் கட்டத்தில் ஒன்று, கைத்தறிப் பருத்தியில் அடர்நீலச் சட்டை ஒன்று, அகலக் கால்சட்டை இரண்டு, பாவாடை அல்லது அரைக்கால்சட்டை ஒன்று. லினன் கசங்கும், அது நெய்யப்படும் ஆளி நார் மடிந்தால் மீளும் தன்மை குறைந்தது. அந்தக் கசங்கலை அங்கே யாரும் குறையாகப் பார்ப்பதில்லை, ஆனால் அளவு சரியில்லாத லினன் கசங்கும்போது தூங்கி எழுந்த உடைபோல் ஆகிவிடும். மாலைக் காற்றுக்கு மெல்லிய கம்பளியோ சால்வையோ அவசியம். சான் த்ரோப்பேயில் மிஸ்த்ரால் என்ற வடகாற்று கோடையிலும் சில நாள் பலமாக வீசும்.

குளியலுடைமேல் போட்டுக்கொள்ளத் தனி உடை வாங்க வேண்டாம். வெள்ளைச் சட்டையே அதற்கு உதவும். மேலே ஏதும் போடாமல் கடைவீதிக்குள் செல்வதை அங்குள்ள நகராட்சிகள் அபராதம் விதித்துத் தடுக்கின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும். கடற்கரைக்கு ஈரிழைத் துண்டு இரண்டு எடுத்துச் செல்லுங்கள். எடை இல்லை, விரைவில் காயும், தனியார் கரைகளில் வாடகைப் படுக்கைக்குக் கொடுக்கும் பணமும் மிச்சம். பொதுக்கரையில் கடலும் வெயிலும் ஒன்றே.

அங்கே போய் வாங்க விரும்பினால் மூன்று வாய்ப்புகள் உண்டு. நீஸின் கூர் சலேயா பூச்சந்தை திங்கட்கிழமைகளில் பழம்பொருள் சந்தையாக மாறும். பழைய கழுத்துத் துணியோ வளையலோ அங்கே கிடைக்கும். வெள்ளிக்கிழமை ரயிலேறி இத்தாலி எல்லை தாண்டினால் வென்டிமிலியாவின் பெரிய வாரச்சந்தை. பிரான்சில் அரசு குறிக்கும் நாள்களில் கடைகள் நடத்தும் கோடைத் தள்ளுபடி விற்பனை நான்கு வாரம் நீடிக்கும்; ஜூலை தொடக்கத்தில் பயணம் வைத்துக்கொண்டால் அதுவும் கைக்கு எட்டும். ‘கடற்கரை உடை’ என்று பலகை மாட்டிய கடைகளை மட்டும் தவிர்த்துவிடலாம். மாலுமிக் கடையில் சில ஃபிராங்குக்கு வாங்கியதையே அங்கே பெயர் மாற்றிப் பலமடங்கு விலைக்கு விற்கிறார்கள்.

சலவை பற்றி ஒன்று. புதிய கைலித் துணியில் தைத்த சட்டை ஒன்றை நான் ஒருமுறை அவசரத்தில் வெள்ளைக் கால்சட்டையோடு ஊறவைத்து, அந்தக் கால்சட்டையை இழந்தேன். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அந்தச் சட்டையைக் குளிர்ந்த நீரில் மூன்று நான்கு முறை தனியே அலசி, தண்ணீர் தெளிந்து வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அங்கே சென்றபின், கடலிலிருந்து திரும்பிய அன்றிரவே உப்புப் போக நல்ல நீரில் அலசி, பிழியாமல் உதறி, சட்டையைத் தோள் தாங்கியிலும் பனியனைப் படுக்கைவாட்டிலும் அறைக்குள் நிழலில் போட்டுவிட வேண்டும்.